ஒரு கிலோ ஜவ்வரிசி

நாற்காலியில் உட்கார்ந்து
இடது காலை நேராக நீட்டி
ஐந்து எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும்.
பிறகு மெதுவாக இறக்க வேண்டும்.
இப்படி இருபது தடவை.
இறக்குவதுதான் முக்கியம் என்றாள் ரெஜினா,
என் மூட்டுப் படத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி.
ஏற்காட்டு ரூட்டில் பத்தொன்பது வருஷம்
பஸ் ஓட்டியவனிடம்
இறக்கத்தைப் பற்றிச் சொல்கிறாள்.

எனக்கு வெறுமனே எண்ண வராது.
ஒரு தூக்குக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு.
அடிவாரத்தில் தொடங்கி
இருபதில் ஒன்று, இருபதில் இரண்டு என்று
பலகை படித்துக்கொண்டே போவேன்.
ஆறில் குரங்குகள்.
பதினொன்றில், ஒரு மழை நாள்,
எதிரே வந்த மிளகு லாரிக்காக
கிளட்சை மிதித்தபடி நின்றுகொண்டே இருக்கிறேன்.
பதினான்கில் முட்டிக்குள் யாரோ
வறுத்த கடலை மெல்கிறார்கள்.

வலித்தால் நிறுத்தணுமா என்று கேட்டேன்.
மறுநாள் காலைக்குள் தணிகிற வலி என்றால்
செய்யுங்கள்.
தங்குகிற வலி என்றால் குறையுங்கள்.
மறுநாள் காலை என்பது அம்மாப்பேட்டையில்
ஐந்தரை மணி,
பக்கத்துப் பட்டறையில் தறி ஓடத் தொடங்கும் நேரம்.
படுத்தபடியே முட்டியை விசாரிப்பேன்.
சில நாள் பதிலே சொல்லாது.
அது நல்ல நாள்.

மூன்றாம் வாரம் எடை கட்டச் சொன்னாள்.
கடையில் மணல் பை அறுநூறு ரூபாய்.
பூங்காவனம் தன் பழைய பாவாடையைக் கிழித்து
ஒரு பை தைத்தாள்,
ஒரு கிலோ ஜவ்வரிசி கொட்டி, நாடா வைத்து.
சேலத்துக்காரனுக்கு மணல் எதுக்கு என்றாள்.

முதல் நாள் நான்காம் வளைவில் வண்டி நின்றுவிட்டது.
தொடை நடுங்கியது,
முதல் தடவை மலை ஏறும் டிரைவர் மாதிரி.
பத்து நாளில் எட்டு வளைவு.
இன்னும் பத்து நாளில் பதினாறு.
ஒரு வெள்ளிக்கிழமை இருபதும் ஏறிவிட்டேன்,
ஹாரன் அடிக்காத குறை.
டெப்போவில் லைட் டியூட்டி மேஜையில்
டிரிப் ஷீட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன்:
கால் தேறிடுச்சு.
யாரும் நம்பவில்லை.
நான் நம்பினேன்.

அன்று சாயங்காலம் பாயசம்.
போன வெள்ளியும் பாயசம் என்பது
இரண்டாவது டம்ளரில்தான் உறைத்தது.
நடுவில் ஒரு நாள் உப்புமா.
மகளுக்கு வயிறு சரியில்லாதபோது கஞ்சி.
மளிகைக் கடைத் தராசில் பையை வைத்தேன்.
அறுநூற்று நாற்பது கிராம்,
நாடாவையும் சேர்த்து.

கழுவிட்டுத்தான் போட்டேன் என்றாள்.
அவள் சிரிக்கவில்லை.
கடைக்குப் போகலாம்தான்.
திரும்பி வர்றப்ப மூணு படி ஏறணுமில்ல.
எந்தப் படி?
நம்ம வாசப்படிதான்.

பிறகுதான் பார்த்தேன்.
வாசலுக்கு வலப்பக்கச் சுவரில்
ஒரு உள்ளங்கை அகலத்துக்குச்
சுண்ணாம்பு மங்கி எண்ணெய் ஏறியிருந்தது.
அது என் உயரம் இல்லை.

இரண்டு கிலோ வாங்கி வந்தேன்.
ஒன்று பைக்கு, ஒன்று டப்பாவுக்கு.
செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில்
இரண்டு சீட்டு போட்டோம்.
ரெஜினா அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு
என்னைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

இப்போது இரண்டு நாற்காலி.
பூங்காவனத்துக்கு எடை இன்னும் கிடையாது.
வளைவுக் கணக்கும் கிடையாது;
ஏற்காட்டுக்கு அவள் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறாள்,
அதுவும் வாந்தி.
அவள் பக்கத்துத் தறிச் சத்தத்தை எண்ணுகிறாள்.

நேற்று நான் ஒன்பதாவது வளைவில் இருந்தபோது
கரண்ட் போனது.
தறி நின்றது.
அவள் கால் அந்தரத்தில் அப்படியே நின்றது.
இறக்கு, போதும் என்றேன்.
இருங்க, கரண்ட் வரட்டும் என்றாள்.